பூனை வீட்டுக்குள் சிறுநீர் பீய்ச்சுவது ஏன்? கறையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

வளர்ப்புப் பூனை கதவு நிலையிலும் பீரோவின் ஓரத்திலும் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கிவிட்டால், அதற்குத் திமிர் ஏறிவிட்டது என்றோ, திட்டியதை மனத்தில் வைத்துக்கொண்டு பழி தீர்க்கிறது என்றோ வீட்டில் உள்ளவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் எலிக்காகப் பூனை வைத்திருப்பவரும், கோவையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் செல்லமாக வளர்ப்பவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சிதான். ஆனால் பூனையிடம் பழிவாங்கும் கணக்கு எதுவும் கிடையாது. இனப்பெருக்க வேட்கை உந்தும்போதும், தன் இருப்பிடத்தில் ஏதோ ஒன்று நிலைகுலைந்துவிட்டதாக உணரும்போதும் அது தன் மணத்தைச் சுற்றுப்புறத்தில் பதித்து வைக்கிறது. எந்த இடத்தில் பதிக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்தால், அதைக் கலைத்தது எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே துடைக்கும் துணியை எடுப்பதற்கு முன்பு கறையைப் படித்துவிட வேண்டும்.

பீய்ச்சுவதா, கழிப்பதா?

இரண்டும் வேறு வேறு செயல்கள். காரணங்களும் தீர்வுகளும் வேறு. அடையாளமிடும் பூனை நின்றபடியே, சுவருக்கோ நாற்காலிக் காலுக்கோ பின்புறத்தைத் திருப்பி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி அதன் நுனியை நடுங்கச் செய்து, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தவாறு சிறிதளவு சிறுநீரைப் பின்னோக்கிப் பீய்ச்சும். தரையிலிருந்து ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்தில் தெறித்து, கீழ்நோக்கிக் கோடாக வழிந்த கறை இருந்தால் அது இதுவே. இவ்வாறு செய்யும் பூனை தன் வழக்கமான சிறுநீரைக் கழிக்க மண் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ எப்போதும்போலச் சென்றுகொண்டுதான் இருக்கும். அதற்கு மாறாக, குந்தி உட்கார்ந்து மெத்தையிலோ மிதியடியிலோ துணிக் குவியலிலோ குளம்போலத் தேங்கும் அளவுக்குப் போயிருந்தால், அங்கே எல்லைப் பிரச்சினை இல்லை. தொட்டி பிடிக்காமல் போயிருக்க வேண்டும், அல்லது உடலில் நோய் இருக்க வேண்டும். சில பூனைகள் நின்றுகொண்டே தொட்டியில் கழிக்கும் பழக்கமுடையவை என்பதால், நிற்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல் அளவையும் இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நேரில் பிடிபடவில்லை என்றால், சந்தேகத்துக்குரிய மூலையைப் பார்த்தவாறு ஒரு பழைய கைப்பேசியை இரவில் காணொளி எடுக்க வைத்துவிடலாம்.

எந்த வகையாக இருந்தாலும், நடத்தையை ஆராய்வதற்கு முன்பு பூனையை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீர்ப்பைக் கல், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், வயதான பூனைகளுக்கு வரும் தைராய்டு மிகைப்பு ஆகியவை கண்ட இடத்தில் சிறுநீர் போவதாகவே முதலில் வெளிப்படும். பூனை இனம் வறண்ட நிலத்தில் தோன்றியது; குறைந்த நீரைக் குடித்துச் சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கி வெளியேற்றும் உடலமைப்பு கொண்டது. கரூர், ஈரோடு போன்ற ஊர்களில் சித்திரை வெயிலில் உலர்தீவனத்தை மட்டும் தின்று, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் பூனையின் சிறுநீர்ப்பை எளிதில் எரிச்சலடையும் என்பதை நினைவில் கொண்டு, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் ஒத்திப்போடவே கூடாது. ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சொட்டுக்கூட வராமல், கத்திக்கொண்டும் பின்புறத்தை நக்கிக்கொண்டும் இருந்தால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கக்கூடும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக் காத்திருப்பவர்கள் பூனையை இழக்கிறார்கள். முழு அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாட்களுக்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். அது அன்றைக்கே, இரவானாலும், சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. வலி குறையட்டும் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் பூனையைக் கொல்ல அதில் ஒரு மாத்திரையே போதும். அருகில் உள்ள மருத்துவரால் முடியாத பரிசோதனைகளுக்கு, நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவும், உடுமலைப்பேட்டையில் பின்னர் வந்த கல்லூரியும் கொங்குப் பகுதியினருக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சிறுநீரில் இருக்கும் செய்தி

நோய் இல்லை, பீய்ச்சுதல்தான் என்று உறுதியான பிறகு, பூனை ஏன் இதைச் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. காயப்பட்டால் உணவு தேடித் தர அதற்குக் கூட்டம் கிடையாது. ஆகவே சண்டையைக் கூடியமட்டும் தவிர்ப்பதே அதன் பிழைப்பு. நேருக்கு நேர் சந்திக்காமலே, யார் வந்தார், எப்போது வந்தார், ஆணா பெண்ணா, இனச்சேர்க்கைக்கு ஆயத்தமா என்பதையெல்லாம் பதிவுசெய்து வைக்க அதற்குக் கிடைத்த வழி மணம். பங்காளிகள் ஒரே கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல, பூனைகள் ஒரே வழித்தடத்தை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்திக்கொள்கின்றன. இன்னொன்றின் முறை எப்போது என்பதைப் பழைய மணமும் புதிய மணமும் சொல்லிவிடுகின்றன. எனவே இந்த அடையாளத்தை "உள்ளே வராதே" என்ற வேலியாக மட்டும் நினைப்பது சரியன்று. வேற்றுப் பூனை அதை முகர்ந்து, வாயைச் சற்றே திறந்து, மேலண்ணத்தில் உள்ள தனி நுகர்வுறுப்புக்கு அந்த மணத்தை இழுத்துக்கொண்டு, பயந்தோடாமல் சாவகாசமாகப் போவதை யாரும் பார்க்கலாம்.

கடுவன் பூனையின் சிறுநீர் மட்டும் மூக்கைத் துளைக்கும் அளவுக்கு நாறுவதற்கும் காரணம் உண்டு. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தில் சுரக்கும் காக்சின் என்ற புரதம் அதன் உருவாக்கத்தை ஒழுங்குபடுத்துகிறது என்பதை 2006ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெளியேறிய சிறுநீரில் ஃபெலினின் மெல்லச் சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறுவதால்தான், பீய்ச்சிய நேரத்தைவிடச் சில மணி நேரம் கழித்து வீச்சம் கூடுகிறது. ஆண்மைச் சுரப்பு மிகுந்த கடுவனிடம் இந்தப் பொருள் அதிகம். கருத்தடை செய்ததும் வெகுவாகக் குறைந்துவிடும்.

சிறுநீர் ஒன்றே பூனையின் மணமொழி அன்று. தூணிலும் கதவு ஓரத்திலும் நம் காலிலும் கன்னத்தைத் தேய்க்கும்போது முகச் சுரப்பிகளிலிருந்து வேறொரு மணத்தைப் பதிக்கிறது. நகத்தால் பிறாண்டும்போது பாதத்தின் இடுக்குகளிலிருந்து மற்றொன்றைப் பதிக்கிறது. கன்னம் தேய்த்த இடம் அதற்கு நம்பிக்கையான இடம். அங்கே அது பெரும்பாலும் பீய்ச்சாது. பின்னால் சொல்லப்போகும் தீர்வுகள் பலவும் இந்த ஓர் உண்மையை வைத்தே அமைந்தவை.

கறை இருக்கும் இடம்

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கோட்டுப்படமாகப் போட்டு, கறை கண்ட ஒவ்வோர் இடத்தையும் தேதியுடன் குறித்து, அன்று யார் வந்தார்கள், என்ன பொருள் வந்தது, இரவில் வெளியே பூனைச் சண்டை கேட்டதா என்பவற்றையும் பக்கத்தில் எழுதிவர வேண்டும். பழைய கறைகள் கண்ணுக்குத் தெரியாது. கள்ளநோட்டைப் பார்க்கப் பயன்படும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் உலர்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். திருப்பூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெள்ளைப் பனியன் துணியிலும் சலவைத்தூளிலும் வெண்மை கூட்டச் சேர்க்கும் வேதிப்பொருளும் இதே வெளிச்சத்தில் பளீரென்று நீலமாக ஒளிரும். துணிமூட்டை இருக்கும் வீட்டில் டார்ச் காட்டுவதையெல்லாம் பூனையின் கணக்கில் எழுதிவிடாமல், மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கறைகள் சன்னல் அடி, வாசல் கதவு, பொடக்காளி எனப்படும் கொல்லைப்புறத்துக் கதவு என்று வீட்டின் வெளிவிளிம்பில் வரிசையாக இருந்தால், தொல்லை வெளியே இருக்கிறது. பெரும்பாலும் ஊர்க் கடுவன் ஒன்று இரவில் வந்து திண்ணையிலோ கதவிலோ தன் மணத்தை விட்டுப் போயிருக்கும். உள்ளே இருக்கும் பூனை அதற்கு மறுமொழி எழுதுகிறது. ஓட்டு வீடுகளில் வேற்றுப் பூனை கூரை வழியாகவே வந்து போவதால், பரணிலும் சுவரின் மேல் விளிம்பிலும்கூடத் தேடிப் பார்க்க வேண்டும். இதற்கு முதல் வேலை, உள்ளிருந்து பார்த்தால் நம் வீட்டுப் பூனைக்கு எதிரி தெரியாமல் செய்வது. சன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடித்தாள் ஒட்டலாம். சன்னலை ஒட்டிப் பூனை ஏறி உட்காரும் மேசையை வேறு பக்கம் நகர்த்தலாம். இரண்டாவது, வெளிப்பூனை வரும் காரணத்தை அகற்றுவது. மீதிச் சோற்றையும் மீன் கழிவையும் கதவருகே கொட்டும் வழக்கம் அதற்கு அழைப்பு வைப்பதாகும். இரக்கப்பட்டுச் சோறு வைப்பவர்கள், வீட்டிலிருந்து தள்ளி, மாடு கட்டும் தொண்டுப்பட்டிப் பக்கமோ வேலியோரமோ வைக்கட்டும். வெளிக்கதவின் புறப்பக்கத்தையும் கழுவ வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு துடைத்தாலும், கதவிடுக்கு வழியாக வரும் மணம் அப்படியே இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க் கடுவனைச் சாக்கில் பிடித்துப்போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் கைகண்ட வைத்தியமாகக் கருதப்படுகிறது. அது கொடுமை என்பது ஒருபுறமிருக்க, பயனற்றதும்கூட: காலியான இடத்தில் தின்பதற்கு ஏதேனும் இருக்கும்வரை வேறொரு கடுவன் வந்து சேரும், வரும் புதியது எல்லையை நிறுவ முன்னதைவிட அதிகமாகவே பீய்ச்சும். அதே கடுவனுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டுவிட்டால், இடமும் நிரம்பியிருக்கும், பீய்ச்சலும் அடங்கும்.

கறைகள் வீட்டின் நடுவில், ஆசாரம் எனப்படும் கூடத்தின் தூணிலும் அறைகளுக்கு நடுவே உள்ள கதவுகளிலும் நடைபாதையிலும் இருந்தால், பிரச்சினை வீட்டுக்குள் இருக்கும் பூனைகளுக்கிடையே இருக்கிறது என்று கொள்ளலாம். பூனைகள் கூடக் கூடப் பீய்ச்சுதலும் கூடும். அவை சண்டையிடுவதைப் பார்த்ததே இல்லை என்று உரிமையாளர் சொல்லுவார்; ஆனால் ஒரு பூனை மண் தொட்டிக்குப் போகும் வழியில் மற்றொன்று வெறுமனே படுத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பதே போதுமான மிரட்டல். உணவுத் தட்டையும் தண்ணீரையும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் வைத்து, உயரத்தில் தனித்தனிப் படுக்கையிடம் கொடுத்து, எந்தப் பூனையும் ஒரே வாசல் உள்ள மூலையில் அகப்பட்டுக்கொள்ளாதபடி இரண்டு வழிகள் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எது பீய்ச்சுகிறது என்று தெரியாவிட்டால், கால்நடை மருத்துவரே ஒவ்வொரு பூனைக்கும் முறைவைத்து ஃபுளோரசின் என்ற சாயத்தைக் கொடுத்துக் கண்டுபிடிப்பார். அந்தச் சாயம் சிறுநீரில் கலந்து புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும்.

மூன்றாவது வகை, பொருள்களின் மேல் இருக்கும் கறை. வெளியிலிருந்து வந்த செருப்பு, பள்ளிப்பை, சந்தையிலிருந்து வந்த சாக்கு, மோட்டார் சைக்கிள் சக்கரம், புது சோபா, விருந்தினரின் பெட்டி ஆகியவை அந்நிய மணத்தைச் சுமந்து வருகின்றன. நூல்தறிக் கூடங்களில் எலிக்காக வளர்க்கும் பூனை, லாரியிலிருந்து இறங்கிய புதிய நூல் மூட்டையைத் தேடிப்போய்ப் பீய்ச்சுவதும் இதனால்தான். மூட்டையை ஒரு நாள் தனியறையில் வைத்துவிட்டுப் பிறகு கூடத்துக்குள் கொண்டுவந்தால் சேதம் குறையும். வாஷிங் மெஷின், குளிர்ப்பெட்டியின் பின்புறம் போன்ற சூடேறும் மின்சாதனங்கள் ஏன் சில பூனைகளை ஈர்க்கின்றன என்றால், சூட்டில் பழைய மணம் ஆவியாகி மறுபடி மறுபடி எழும். தரையோடு கிடக்கும் மின்நீட்சிப் பலகையில் கறை கண்டால், இணைப்பைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

கட்டிலிலோ வீட்டில் ஒருவரின் துணியிலோ மட்டும் கறை இருந்தால், அந்த நபரின் வருகை, பிரிவு அல்லது உடல்நிலையில் மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போன மகனின் போர்வையில் பூனை பீய்ச்சுவது வெறுப்பினால் அன்று. தன் மணத்தையும் அவன் மணத்தையும் கலந்து வைத்து ஆறுதல் தேடுகிறது என்று கொள்வதே அதன் இயல்புக்குப் பொருந்தும்.

கருத்தடை

இதுவரை சொன்ன எதற்கும் முன்பாகச் செய்திருக்க வேண்டியது இது. கருத்தடை செய்யாத கடுவன் வீட்டில் இருந்தால், சன்னலுக்குத் தாள் ஒட்டுவதும் தரையைத் தேய்ப்பதும் வீண் உழைப்பு. ஆண் பூனைகள் ஐந்தாறு மாதத்தில் பருவமடைகின்றன; நம் பகுதியில் பகல் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாகக் குறையாததால், பெட்டைகள் ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் சினைப்பருவத்துக்கு வரும். பருவத்துக்கு வந்த பெட்டையும் பீய்ச்சும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1973ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருத்தடை செய்த கடுவன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பீய்ச்சுவதை நிறுத்தின அல்லது வெகுவாகக் குறைத்தன; பெரும்பாலானவை விரைவிலும், சில மட்டும் மாதக்கணக்கில் மெல்லவும் அடங்கின. வயது முதிர்ந்த கடுவனுக்குச் செய்து பயனில்லை என்ற பேச்சுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. கருத்தடைக்குப் பிறகும் ஆண்களில் நூற்றுக்குப் பத்தும் பெண்களில் நூற்றுக்கு ஐந்தும் பீய்ச்சக்கூடும். அவற்றுக்குத்தான் வரைபடமும் குறிப்பேடும் தேவைப்படுகின்றன.

காங்கேயம் காளைக்குக் காயடிப்பதைப் பார்த்துப் பழகிய நம் விவசாயிகளில் சிலர், பூனைக்கும் வீட்டிலேயே அவ்வாறு செய்துவிடலாம் என்று எண்ணுவதுண்டு. கூடவே கூடாது. பூனைக்குச் செய்வது மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை; பெட்டைக்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும். தகுதிபெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கலாகாது.

கழுவும் முறை

மணம் மிச்சமிருக்கும் இடத்துக்குப் பூனை திரும்பி வந்து புதுப்பிக்கும் என்பதால், கழுவுவது அழகுக்காக அன்று, சிகிச்சையின் பகுதியாகவே செய்ய வேண்டிய வேலை. இதில் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது பினாயில். அதைப் பூனை உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டும். பீனால் வகைப் பொருள்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். கருப்புப் பினாயில் இதில் மிகக் கொடியது. பூனை வராமலிருக்கட்டும் என்று மூலைகளில் அந்துருண்டை போடுவதும், ஊட்டியிலிருந்து வாங்கிவந்த நீலகிரித் தைலத்தைத் தெளிப்பதும் அதே வகை ஆபத்து. பிளீச்சிங் பவுடர் வேறு வகையில் கெடுதல்: சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுவை உண்டாக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களோ, இங்கே ஏற்கெனவே யாரோ பீய்ச்சியிருக்கிறார்கள் என்றே பூனைக்குச் சொல்லும்.

சரியான முறை எளியது. ஈரம் இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்சைம் கலந்த சலவைத்தூளை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்து, சிறிது நேரம் ஈரமாகவே ஊறவிட வேண்டும். என்சைம் சிறுநீரின் புரதத்தைச் சிதைக்க நேரம் வேண்டும். ஊற்றிய உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. பிறகு வெறும் நீரால் கழுவி, உலர்ந்தபின் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து மெல்லத் துடைத்துவிடலாம். வண்ணம் பூசிய இடமாக இருந்தால் ஓரத்தில் சிறிது தடவிப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். வளர்ப்பு விலங்குகளுக்கென்று விற்கும் என்சைம் திரவமும் நல்லதே. அதற்கு முன்பு அந்த இடத்தில் வேறு அமிலமோ பிளீச்சோ ஊற்றியிருக்கக் கூடாது.

சுண்ணாம்பு அடித்த சுவர் சிறுநீரை உறிஞ்சிக்கொள்வதால், அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூசுவதே வழி. சாணம் மெழுகும் மண்தரையில் கறைபட்ட மண்ணைக் கொத்தியெடுத்துப் புதுமண் இட்டு மெழுக வேண்டும். சிறுநீரின் யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது; காய்ந்து படிகமாக இருக்கும் அது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வீசும் ஆடியிலும், ஐப்பசி மழையிலும் காற்றின் ஈரத்தால் மீண்டும் நாறத் தொடங்கும். கோடையில் போய்விட்டதாக நினைத்த கறை மழைக்காலத்தில் திரும்புவதன் காரணம் இதுதான்.

இடம் சுத்தமான பிறகு அதற்கு வேறு பொருள் கொடுக்க வேண்டும். மென்மையான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை வருடி, அதே துணியை அந்த மூலையில் பூனையின் மூக்கு உயரத்தில் தேய்க்கலாம். உணவுத் தட்டையோ படுக்கையையோ அங்கேயே வைக்கலாம், ஏனெனில் தின்னும் இடத்திலும் தூங்கும் இடத்திலும் பூனை பீய்ச்சுவது அரிது. தேங்காய் நார்க்கயிற்றை இறுகச் சுற்றிய ஒரு மரக்கட்டையை அருகில் நட்டு வைத்தால், பிறாண்டி அடையாளமிட்டுத் திருப்தியடையும். பொள்ளாச்சிப் பக்கம் இதற்குச் செலவே ஆகாது. முகச் சுரப்பியின் மணத்தைச் செயற்கையாகச் செய்து மின்செருகியில் வைக்கும் கருவியும் கிடைக்கிறது. சில வீடுகளில் நன்றாக உதவுகிறது, சில வீடுகளில் ஒன்றும் நிகழ்வதில்லை. கருத்தடையும் சுத்தமும் இல்லாமல் அதை மட்டும் நம்புவதில் பொருளில்லை.

மண் தொட்டி

பீய்ச்சும் பூனைக்கும் தொட்டி சரியாக இருந்தால் பதற்றம் குறையும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தொட்டிகள், வெவ்வேறு இடங்களில், பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் இருக்க வேண்டும். தோட்டத்து உழவு மண்ணில் பழகிய பூனையைக் கோவைக்கோ திருப்பூரின் லைன் வீட்டுக்கோ கொண்டுவருபவர்கள், அந்த மண்ணிலேயே ஒரு சாக்கு எடுத்துவந்து தொட்டியில் இட்டு, பிறகு மெல்ல மெல்ல மரத்தூளோ கடையில் விற்கும் மணலோ கலந்து மாற்றினால் பூனை தடுமாறாது. நாள்தோறும் கழிவை அள்ளிவிட வேண்டும். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றாடம் அள்ளுவது பாதுகாப்பும்கூட. கருவுற்ற பெண்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

பொங்கலும் வீடு மாற்றமும்

அடங்கிவிட்ட பீய்ச்சல் ஆண்டில் சில நாட்களில் மட்டும் தலைகாட்டுகிறது என்றால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் காப்புக்கட்டு நாளான போகிக்குள் வெள்ளையடித்து, நிலைகளையும் தூண்களையும் கழுவி முடிக்கும்போது, பூனை ஆண்டு முழுவதும் கன்னம் தேய்த்துப் பதித்த மணமெல்லாம் ஒரே நாளில் அழிந்துபோகிறது. போதாததற்குப் பெயிண்ட் நெடியும் ஆட்கள் நடமாட்டமும் சேர்கின்றன. தன் வீடே அதற்கு அந்நியமாகிவிடுவதால் சிறுநீரால் மீண்டும் எழுதத் தொடங்குகிறது. முழு வீட்டையும் ஒரே மூச்சில் செய்யாமல், ஓர் அறையை மட்டும் கடைசிவரை தொடாமல் விட்டு, பூனையை அதன் பழைய படுக்கையோடும் துவைக்காத விரிப்போடும் அங்கே வைத்திருந்தால் இது பெரும்பாலும் நேர்வதில்லை. கல்யாண வீட்டுக்கும் இதுவே வழி.

வீடு மாறும்போதும் ஓர் அறையிலிருந்தே தொடங்க வேண்டும். பூனை அங்கே கன்னம் தேய்த்து, வாலை உயர்த்திக்கொண்டு நடமாடத் தொடங்கிய பிறகு அடுத்த அறையைத் திறந்துவிடலாம். முன்பு குடியிருந்தவர்கள் பூனை வளர்த்திருந்தால், பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே டார்ச்சை அடித்துப் பார்த்து, சுவரின் அடிப்பகுதியைக் கழுவி முடித்துவிட வேண்டும். புதிய பூனையைக் கொண்டுவந்தால் கதவு மூடிய தனியறையில் வைத்து, இரண்டின் படுக்கைத் துணிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, மணம் பழகிய பிறகே முகம் காட்ட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

பூனையை அடிப்பதும், கறையில் மூக்கை வைத்துத் தேய்ப்பதும், தண்ணீரை வீசுவதும் நிலைமையை மோசமாக்கவே செய்யும். பீய்ச்சுதலைத் தூண்டியதே பதற்றம். அடி அந்தப் பதற்றத்தைக் கூட்டுகிறது. மேலும் பூனை அடியைக் கறையோடு இணைப்பதில்லை, அடித்தவரோடு இணைக்கிறது. பிறகு அது ஆள் இல்லாத நேரத்தில், கண்ணில் படாத இடத்தில் பீய்ச்சக் கற்றுக்கொள்ளும்; நாம் வரைந்துவரும் வரைபடமும் பயனற்றுப்போகும்.

கருத்தடை செய்து, நோய் இல்லை என்று உறுதியாகி, வெளிப்பூனையையும் உள்பூனைகளையும் ஒழுங்குபடுத்தி, கழுவ வேண்டிய முறையில் கழுவியும் இரண்டு மாதங்களுக்கு மேல் கறைகள் குறையவில்லை என்றால், குறிப்பேட்டையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதற்றத்தைத் தணிக்கும் ஃபுளுஆக்செட்டின் போன்ற மருந்துகள் பீய்ச்சும் பூனைகள் பலவற்றுக்கு நல்ல பலன் தருகின்றன. அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அளவைப் பூனையின் எடையைப் பார்த்து மருத்துவரே குறிப்பார். கறைகள் நின்றுவிட்டன என்று தாமாகவே மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிடாமல், அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.